மூன்றாவது ஆணியில் தொங்கியது

சனிக்கிழமை, கடை மூட அரைமணி இருக்கும்போது
நிபியா வண்டியை அணைக்காமலே உள்ளே உருட்டி வந்தாள்.
நான் கேட்க வேண்டுமாம்.
கேட்டேன்.
அடிப்பக்கம் துருவேறிப்
பெருவிரல் நுழையும் ஓட்டை வழியே
இருநூற்றைம்பது சிசியும் இருமிக்கொண்டிருந்தது.

ஒட்டு போடலாமா, ஹெபர்?
போட்டாயிற்று, இரண்டு தரம்.
ஒட்டுக்கு ஒட்டுப் போட நானென்ன தையல்காரனா?

ட்ரெய்ந்தா இ ட்ரெஸ். முப்பத்து மூன்று.
எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது.
எல்லோர் வண்டிச் சத்தமும் எல்லோருக்கும் மனப்பாடம்.
பாலத்தில் ஏறும்போதே சொல்லிவிடுவோம்:
ரொட்டிக்காரன், பாதிரி,
கடன் கேட்க வரும் என் மச்சான்.

அவள் பின்னால் மகன், அபயூபா.
பதினாறு, அம்மாவோடு கடைக்கு வருகிற வயதில்லை.
வந்திருந்தான்.
எனக்கு அங்கேயே உறுத்தியது.

சுவரில் மூன்று ஆணி, மூன்று குழாய்.
முதலாவது நீளம், துருப்பிடிக்காத எஃகு,
கம்பெனிக் குழாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி.
மாட்டினால் வண்டி பூனை.
இரண்டாவது முழங்கை நீளம், கார்பன் தோல்.
நாலு கிலோ மிச்சமாகும்,
நாலு தெரு விழித்துக்கொள்ளும்.
மூன்றாவது,
மெலோ சாலையில் விழுந்த வண்டியிலிருந்து கழற்றியது.
வளைவில் சூடு பட்டு நீலமும் பொன்னும் ஓடியிருக்கும்.
வாயில் ஓர் உள்குழாய், ஒற்றைத் திருகில் நிற்பது.
போட்டால் அடக்கம். எடுத்தால் வாயாடி.

இரண்டாவதுதான் அம்மா, என்றான் பையன்.
இன்ஜின் நன்றாக மூச்சு விடும்,
எடை குறையும், பவர் ஏறும்.
பாதி சரி.
உச்ச வேகத்தில் ஒரு குதிரைத்திறன் ஏறலாம்.
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில்
உச்ச வேகம் எங்கே இருக்கிறது?
கார்புரேட்டரில் ஜெட் மாற்றாவிட்டால்
ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கும், என்றேன்.
வெடிக்கட்டுமே, என்றான்.
லாரிக்காரன் கேட்டு விலகுவான், அம்மாவுக்குப் பாதுகாப்பு.

விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் பாலத்தில் லாரி!

மூன்றையும் மாட்டிக் காட்டினேன், விரல் பொசுங்க.
முதல் குழாயில் வண்டி முணுமுணுத்தபோது
பையன் முகத்தில் ரத்தம் இல்லை.
நிபியா வண்டியைப் பார்க்கவில்லை.
அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
டிரிப்ஸ் சொட்டு எண்ணுகிறவள் போல.

அவன் கல்லாப் பக்கம் விலை பார்க்கப் போனான்.
அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:
ஜூலையிலிருந்து, நான் பாலத்தில் ஏறினால்
என் சமையலறை விளக்கு அணைகிறது.
உள்ளே போனால் கெட்டில் சூடு,
மாத்தே குடுவை சூடு,
நாற்காலி இரண்டு சூடு.
இவன் குறட்டை மட்டும் இன்னும் சூடு பிடிக்கவில்லை.

அப்படியானால் முதலாவது, என்றேன்.
ஓசைப்படாமல் போய்ப் பிடித்துவிடலாம்.

பிடித்தால் பேச வேண்டும், ஹெபர்.
ராத்திரி முழுக்கப் பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

எங்கள் பேச்சில் இந்தக் குழாய்க்குத்
தப்பித்தல் என்று பெயர்.
வேறேதோ தேசத்தில் சைலன்சர் என்கிறார்களாம்,
மௌனமாக்குவது.
ஒரே குழாய்தான்.
யார் எந்த முனையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது போலும்.

மூன்றாவது, என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.
அந்த உள்குழாயை எடுத்துவிடு.
அபயூபா மூச்சு விட்டது
கம்ப்ரஸர் காற்றிறங்கியது போலிருந்தது.

புது கேஸ்கட், இரண்டு போல்ட், ஒரு ஸ்பிரிங்.
பாதிப் பணம் இன்று, மீதி சம்பளத்தன்று.
உதைத்தாள்.
எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று
யாரிந்தப் புதியவள் என்று குரைத்தது.

கழற்றிய துண்டைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனேன்.
கை நீட்டினாள்.
கரியைத் துடைத்து, நர்ஸ் அங்கியின் பையில்,
தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.
பையன் வெளியே ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

திருகையும் கொடு, என்றாள்.
பிறகு,
எத்தனாம் நம்பர் சாவி என்று மட்டும் கேட்டாள்.